பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமாவும் கல்லூரி இடமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நிலாமுற்றம்

மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்த அறை மனதை விட்டுப் போகவில்லை.

கணக்கு ஏஏ (பகுப்பாய்வுக் கணக்கு), இயற்பியல், வேதியியல் மூன்றும் ஹெச்எல், அதாவது உயர்நிலை. பொறியியலுக்கு இதுதான் வேண்டும் என்று நானேதான் பிடிவாதமாக எடுத்தேன். ஐஏக்களும் (பள்ளியிலேயே மதிப்பிடும் பாட வேலைகள்) ஈஈயும் (நீண்ட ஆய்வுக் கட்டுரை) ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் அந்தக் காலம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் பிரெடிக்டட் கிரேடு, அதாவது தேர்வுக்கு முன்பே கணிக்கும் மதிப்பெண், சொல்ல ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கணக்குக்கு நேரே 7-க்கு 4. அதற்கு அடியில் பென்சிலால் 5 என்று எழுதி அழித்த தடம் தெரிந்தது.

அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் ஆசைப்பட்ட துறைகள் கணக்கு ஹெச்எல்லில் 6 கேட்டன. 4 வைத்துக்கொண்டு எங்கே போவது என்று விண்ணப்பமே போடவில்லை. மே மாதத் தேர்வு எழுதி, ஜூலையில் முடிவு வந்தபோது கணக்கில் 6. அதற்குள் எல்லாக் கதவும் மூடியிருந்தது. அந்த 5 ஏன் அழிந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

மழைத்துளி

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. பிரெடிக்டட் மொத்தம் 45-க்கு 41. அதை நம்பி ஒரு இடம் தந்தார்கள்: மொத்தம் 38, ஹெச்எல் மூன்றிலும் 6 குறையக் கூடாது. முடிவு வந்தது, 39. வீட்டில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் திரையின் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெச்எல் 7, 6, 5. உயிரியலில் அந்த 5.

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை எடுத்தார். அந்த ஒரு நொடிதான். இடம் போனதுகூட இப்போது அவ்வளவு வலிக்கவில்லை, அப்பா கையை எடுத்தது வலிக்கிறது. நிலாமுற்றம், உயர்த்திச் சொல்லும் கணிப்பும் ஆளைக் கவிழ்க்கும். உங்களுக்கு 5 போட்டிருந்தால் மட்டும் எல்லாம் சரியாகியிருக்குமா? 6 கேட்ட இடத்தில் 5-க்கும் கதவு திறந்திருக்காதே.

தேனீக்கூடு

தம்பி நிலாமுற்றம், ஆசிரியர்மேல் கோபப்படாதீர்கள். கையில் இருக்கும் வேலையைப் பார்த்துத்தான் அவர்கள் கணிக்க முடியும். நான் ஒரு அம்மாவாகப் பேசுகிறேன்.

என் பையன் ஈஈ எழுதும்போது விசைப்பலகைமேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். காலையில் போய்ப் பார்த்தால் கட்டுரையில் பக்கம் பக்கமாக ஒரே எழுத்து. அவன் கன்னத்தில் விசைகளின் அச்சு. அன்றைக்கே பள்ளிக்குப் போய் வேதியியலை ஹெச்எல்லிலிருந்து எஸ்எல்லுக்கு (சாதாரண நிலை) மாற்றச் சொன்னேன். அவனுக்கு நான்கு ஹெச்எல் இருந்தது, அதனால் முடிந்தது. கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான் எங்கள் கதை.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். மூன்று ஹெச்எல் போதும். ஹெச்எல்லுக்கு 240 மணி நேரம், எஸ்எல்லுக்கு 150 மணி நேரம் வகுப்பு என்பது கணக்கு. நான்காவது ஹெச்எல் அந்த 90 மணி நேரத்தை விழுங்கும், மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூடக் கூட்டித் தராது. எதிலும் 7-க்கு மேல் கிடையாது. பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே நீங்கள் போக நினைக்கும் துறை என்ன கேட்கிறது என்று பாருங்கள். கணக்கில் ஏஏவா ஏஐயா (பயன்பாட்டுக் கணக்கு) என்பது அங்கேதான் உதைக்கும், பாதியில் மாறுவது பெரும் பாடு. டிஓகேயும் (அறிவைப் பற்றிய பாடம்) ஈஈயும் சேர்ந்து 3 புள்ளிதானே என்று விடாதீர்கள். இரண்டில் ஒன்றில் E என்ற கடைசித் தரம் வாங்கினால் மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் டிப்ளமா இல்லை. காஸுக்கு (படைப்பு, உடல் செயல்பாடு, சேவை) புள்ளியே கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் அதுவும் டிப்ளமாவைத் தடுக்கும். அப்புறம், கணிப்பு எழுதும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் முன்பே போய், "என்னிடம் எது குறைகிறது?" என்று கேளுங்கள். தூக்கத்தை விடாதீர்கள், அது மிக முக்கியம்.

நிலாமுற்றம்

அக்கா, நான் அவர்மேல் கோபப்படவில்லை. என் வேலையைப் பார்த்துத்தான் கணித்தார், சரி. ஆனால் அந்த 5-ஐயும் அதே வேலையைப் பார்த்துத்தானே எழுதினார்? எழுதிய கை ஏன் திரும்பிப் போனது? மழைத்துளி, 5 இருந்தாலும் அந்தத் துறைகள் கிடைத்திருக்காது, உண்மை. ஆனால் நான் விண்ணப்பம் போட்டிருப்பேன்.

கரையோரம்

நான் டிப்ளமாவையே விட்டவள். ஆறு பாடத்துக்கும் தனித்தனிச் சான்றிதழ் மட்டும் போதும் என்று இரண்டாம் வருடத் தொடக்கத்தில் படிவம் கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் படிவத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இதில் கையெழுத்துப் போட்டால் நல்ல கல்லூரி எதுவும் உன்னைத் திரும்பிப் பார்க்காது" என்றார். கை நடுங்க நடுங்கக் கையெழுத்துப் போட்டேன்.

நான் சேர்ந்த துறை பாட மதிப்பெண்ணைத்தான் பார்த்தது, டிப்ளமா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எல்லா இடமும் அப்படி இல்லை. முழு டிப்ளமா வேண்டும் என்று கட்டாயமாகக் கேட்கிற இடங்களும் உண்டு, நான் முதலில் ஆசைப்பட்டது அப்படி ஒரு இடம். தேனீக்கூடு அக்கா, நீங்கள் சொன்ன தூக்கம் எனக்கு அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் வந்தது.

என் ஈஈ 4,000 சொல்லில் 2,300-இல் நிற்கிறது. ஆற்று மணலைப் பற்றி எழுதியது. எத்தனையோ கணினி மாற்றிவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.