புதுப்பிப்பு: வாட்டர் ஃப்ளாசர் வாங்கியாகிவிட்டது

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் மகளுக்கு, தண்ணீரைப் பீய்ச்சிப் பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாசர் வாங்க நினைத்து, கையடக்கமா, மேசையில் வைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். மேசை வகையையே வாங்கினோம். கையடக்கத்தில் தொட்டி பெரும்பாலும் 200, 300 மி.லி.தான், கம்பி இடுக்குகளில் நிதானமாகப் பீய்ச்சுவதற்குள் தீர்ந்துவிடும். இதில் 600 மி.லி. பிடிக்கிறது, சார்ஜ் கவலை இல்லை. சத்தம்தான் மிக்சியோடு போட்டி போடுகிறது. வாஷ்பேசின் அருகே பிளக் பாயின்ட் இல்லாததால் எலக்ட்ரீஷியன் செலவு தனி.

முதல் நாள் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்! குனிந்து, உதட்டை லேசாக மூடி, வாயோரம் நீரை வழியவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரும் மிகக் குறைந்த அழுத்தமும் வைத்தபின் ஈறு கூசவில்லை. எங்கள் போர்வெல் நீர் உப்புப் படியவைக்கும். அதனால் கேன் தண்ணீர்தான். பிரஷ்ஷை விட்டுவிடக் கூடாது என்று பல் மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் கையடக்கத்தையே வாங்குங்கள்.