120 டிகிரி: பிள்ளை கண்டுபிடித்ததா, குருட்டாம்போக்கில் விழுந்ததா?

அரைப்புள்ளி:
நேற்று ஆமைநடை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஸ்கிராட்ச்சை (கட்டைகளைக் கோத்துக் கட்டளை போடும் பிள்ளைகளுக்கான புரோகிராமிங் மொழி) கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். சமபக்க முக்கோணம் வரைய ஒவ்வொரு மூலையிலும் 120 டிகிரி திரும்ப வேண்டும் என்று தானே கண்டுபிடிக்கும்" என்கிறார். தானேவாம்! கோணம் என்றால் என்னவென்றே சொல்லித்தராத வயதில் 120 எங்கிருந்து வரும்? நான் பார்த்த பிள்ளைகள் முதலில் முக்கோணத்தின் உள்கோணமான 60ஐப் போடுவார்கள், படம் மூடாது. அப்புறம் வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் போடுவார்கள். 120 விழுந்ததும் பெற்றோர் கைதட்டுவார்கள். இதுவா கண்டுபிடிப்பு?

ஆமைநடை:
என் பெயரை இழுத்ததற்கு நன்றி. அந்த 60 தான் ஐயா பாடமே. மூன்று முறை "100 அடி நட, 60 திரும்பு" என்றால் அறுகோணத்தில் பாதிதான் வரும். பிள்ளை திரையைப் பார்த்து "ஏன் மூடல?" என்று கேட்கும். தாளில் அந்தக் கேள்வியே எழாது, ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டவைத்துவிடும். 1967இல் பேப்பர்ட் என்ற கல்வியாளர், பிள்ளைகளுக்கான புரோகிராமிங் மொழியான லோகோவில், சொன்னபடி நகர்ந்து கோடு போடும் ஆமையை விட்டதே இதற்காகத்தான்.

பழைய_பேசிக்:
1967 லோகோவில் ஆமை கிடையாது. சொற்களையும் வாக்கியங்களையும் வைத்து விளையாடத்தான் அது வந்தது, ஆமை பிறகுதான் வந்து சேர்ந்தது. பேப்பர்ட் தனியாளும் இல்லை. ஃபியூர்ஸீக், சிந்தியா சாலமன் பெயர்களையும் சொல்லுங்கள். ஆமையின் பெயரை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா?

ஆமைநடை:
ஆமை என்றைக்கு வந்தால் என்ன? பேச்சு பிள்ளைகளைப் பற்றி.

அரைப்புள்ளி:
இல்லை, பேச்சு 120 பற்றி. ஜப்பான் 2020இல் தொடக்கப் பள்ளியிலேயே புரோகிராமிங்கைக் கட்டாயமாக்கியது, தெரியும்தானே? அவர்கள் காட்டிய உதாரணமே ஒழுங்குப் பல்கோணம் (பக்கமும் கோணமும் எல்லாம் சமமான வடிவம்) வரைவதுதான். எந்த வகுப்பில் வைத்தார்கள்? ஐந்தாம் வகுப்புக் கணக்கில். மூன்றில் இல்லை. ஏன் என்று யோசித்தீர்களா?

இன்னொன்று. 1984இல் பீ, கர்லண்ட் என்ற இருவர் லோகோ கற்ற பிள்ளைகளையும் கல்லாதவர்களையும் வகுப்பறை வேலைகளுக்குத் திட்டம் போடச் சொல்லிப் பார்த்தார்கள். லோகோ கற்றவர்கள் ஒன்றும் மேலாகச் செய்துவிடவில்லை. "லாஜிக் வளரும்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆமைநடை:
அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். அந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்லித்தராமல், பிள்ளைகளைத் தம் போக்கில் விட்டிருந்தார்கள்.

அரைப்புள்ளி:
ஆஹா! இதை அப்படியே சட்டம் போட்டு மாட்டலாம். நேற்று "கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள்", இன்று "சொல்லித்தராததுதான் குறை". கையெழுத்துப் பயிற்சி வேண்டுமா என்ற விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் கட்சி மாறினீர்கள்.

ஆமைநடை:
கையெழுத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே கடைசியில் பதில் சொல்லாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாக்பீஸ்:
நான் வகுப்பில் நிற்கிறவள், ஒரு வார்த்தை. நான் முதலில் கணினியைத் திறப்பதே இல்லை. தரையில் முக்கோணம் போட்டு அதன்மேல் நடக்கவிடுவேன். மூலைக்கு வந்ததும் எவ்வளவு திரும்ப வேண்டியிருக்கிறது என்று உடம்புக்கே தெரியும், 60 போதாது. சுற்றி முடித்துக் கிளம்பிய திசைக்கே திரும்பினால் ஒரு முழுச் சுற்று, 360. அதை மூன்றாகப் பிரி என்றால் 120 வந்துவிடும். உண்மையான தலைவலி வேறு. ஒரு கணினிக்கு நாலு பிள்ளைகள் உட்காருகிறார்கள், மவுஸைப் பிடித்த ஒருவன்தான் கற்கிறான். மற்ற மூவரும் அவனுக்குக் கட்டளை போடுகிறார்கள்.

அரைப்புள்ளி:
டீச்சர், நீங்கள் என் கட்சி. 360ஐ யார் சொன்னது? நீங்கள். மூன்றாகப் பிரிக்கச் சொன்னது? நீங்கள். பிள்ளை "தானே" கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது.

சாக்பீஸ்:
நான் யார் கட்சியும் இல்லை. மவுஸ் விஷயத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்:
சதுரம் வரைந்திருந்தால் உள்கோணமும் 90, திரும்ப வேண்டியதும் 90. இந்தச் சண்டையே வந்திருக்காது 😂

அம்முவின்_அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மகளுக்கு 6 வயது. ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லித் தினமும் போன் வருகிறது. சேர்க்கலாமா?

பழைய_பேசிக்:
வகுப்பெல்லாம் எதற்கு? ஸ்கிராட்ச் ஜூனியர் இலவசம், 5 முதல் 7 வயதுக்காகவே செய்தது. படிக்கத் தெரியாத பிள்ளைகூடப் படங்களைக் கோத்து ஓட்டலாம். அதில் டிகிரியே இல்லை, 12 என்று போட்டால் ஒரு முழுச் சுற்று. கடிகாரம் மாதிரி. ஆமைநடை பார்த்திருக்க மாட்டார்.

ஆமைநடை:
பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2014 முதல் 5 வயதுப் பிள்ளைக்கே அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்யும் படிப்படியான வழிமுறை) பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். அம்மா, தாராளமாகத் தொடங்குங்கள்.

அரைப்புள்ளி:
பாடத்திட்டத்தில் இருந்தால் பிள்ளைக்கு வந்துவிடுமா? அந்தம்மாவைக் குழப்பாதீர்கள். பிள்ளை முதலில் கூட்டல் கழித்தல் படிக்கட்டும். அப்புறம் 120க்கு வருவோம்.

அம்முவின்_அம்மா:
அவள் கூட்டல் நன்றாகவே போடுவாள் சார்.

ஆமைநடை:
குருட்டாம்போக்கு என்கிறீர்களே, ஐங்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 72. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு 72ஐப் பிடிக்க முடியுமா? 70 போட்டால் கடைசிக் கோடு சரியாக வந்து சேராது, 75 போட்டால் தாண்டிப் போகும். இரண்டுக்கும் நடுவே என்று நெருங்கிவருகிற பிள்ளை யோசிக்கிறதா இல்லையா?

பழைய_பேசிக்:
1967க்கு இன்னும் பதில் வரவில்லை.

அரைப்புள்ளி:
72க்கு எல்லாம் தாவாதீர்கள். முதலில் 120க்குப் பதில் சொல்லுங்கள்.