மாவோ அசாடா: மூணு டிரிபிள் ஆக்சல் போட்டும் தங்கம் ஏன் கிடைக்கல?

முகப்பேர் மீனா:
அண்ணாநகர்ல ரோலர் ஸ்கேட்டிங் கத்துக்கற பசங்களுக்கு 2010 வான்கூவர் ஒலிம்பிக் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸ் மேல ஜம்ப், சுழற்சி எல்லாம் போடறது) வீடியோவைப் போட்டுக் காட்டப்போறோம். முதல்ல ஆடற ஷார்ட் புரோகிராம்ல ஒண்ணு, அடுத்து ஆடற நீளமான ஃப்ரீ ஸ்கேட்ல ரெண்டுன்னு மூணு டிரிபிள் ஆக்சல் ஜம்ப்பையும் ஜப்பானோட மாவோ அசாடா சரியா இறக்கினாங்க. ஆனா மொத்தப் புள்ளி 205.50தான், தங்கம் வாங்கின தென்கொரியாவோட கிம் யுனாவுக்கு 228.56. பசங்க கேட்டா என்ன பதில் சொல்றது?

பெரம்பூர் சேகர்:
மீனா மேடம், முதல்ல ஆக்சல்னா என்னன்னு காட்டுங்க. மத்த எல்லா ஜம்ப்பும் பின்னோக்கிப் போய்க்கிட்டே எம்புறது. ஆக்சல் மட்டும் முன்பக்கம் பார்த்து எம்பணும், பின்பக்கமா இறங்கணும். அதனால மூணு சுத்து இல்ல, மூணரைச் சுத்து. காற்றுல இருக்கிறது முக்கால் விநாடிகூட இல்ல. கால் சுத்துக்கு மேல குறைஞ்சா, அப்போ இருந்த விதிப்படி டபுள் ஆக்சல் மதிப்புதான்: அடிப்படைப் புள்ளி 8.2 நேரா 3.5க்கு விழும்.

இப்போ கணக்கு (டோ லூப், லட்ஸ்னா வேற வகை ஜம்ப்; + போட்டா ஒண்ணு இறங்கின உடனே அடுத்தது). அசாடாவோட டிரிபிள் ஆக்சல் + டபுள் டோ லூப், 8.2 + 1.3 = 9.5. யுனாவோட டிரிபிள் லட்ஸ் + டிரிபிள் டோ லூப், 6.0 + 4.0 = 10.0. அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டதை விட இது அரைப் புள்ளி கூட! அசாடாவோட ஃப்ரீ ஸ்கேட்ல லட்ஸும் இல்ல, டிரிபிள்-டிரிபிளும் இல்ல. கடைசியில மூணு சுத்து போட வேண்டிய டோ லூப் வேற ஒத்தைச் சுத்தாப் போச்சு. 23.06 வித்தியாசத்துல 18.34 ஃப்ரீ ஸ்கேட்லயே போனது.

தாம்பரம் வாசுகி:
சேகர் சார் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. லட்ஸை ஏன் விட்டாங்கங்கறதுதான் விஷயமே. லட்ஸுக்கு இடது கால் பிளேடோட வெளி விளிம்புல பின்னால போய், வலது கால் நுனிப் பல்லைக் குத்தி எம்பணும். அசாடாவுக்குக் கடைசி நேரத்துல தப்பா உள் விளிம்புக்கு மாறிடும். பல வருஷம் உடம்புல ஊறின பழக்கம் லேசுல போகாது. 2010ல நொபுவோ சாட்டோங்கற பயிற்சியாளர் கிட்ட சேர்ந்து எல்லா ஜம்ப்பையும் அடியிலிருந்து திருத்தினாங்க. உலகப் போட்டியில 2011, 2012 ரெண்டு வருஷமும் 6வது இடம்தான். ஜெயிச்சுக்கிட்டிருந்த ஒருத்தங்க அப்படி இறங்கி வர எவ்வளவு துணிச்சல் வேணும்!

பலன் 2014 சோச்சி. ஷார்ட்ல விழுந்து 55.51, 16வது இடம். மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்ல ஆறு வகை டிரிபிளும் போட்டு, மொத்தம் எட்டு டிரிபிள், 142.71. அன்னைக்கு ஃப்ரீ ஸ்கேட்ல மட்டும் மூணாவது, வெண்கலம் வாங்கின இத்தாலியோட கோஸ்ட்னரை விட 0.10 அதிகம். மொத்தத்துல 6வது. பசங்களுக்கு அவசியம் இதையும் காட்டுங்க.

முகப்பேர் மீனா:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். விளிம்பு மாறுறதை வீடியோல எப்படிக் கண்டுபிடிக்கறது?

தாம்பரம் வாசுகி:
நுனிப் பல் ஐஸைத் தொடறதுக்கு அரை விநாடி முன்னாடி நிறுத்தி, வேகத்தைக் கால்வாசிக்குக் குறைச்சுப் பாருங்க. இடது கணுக்கால் வலது கால் பக்கமா உள்ளே சாய்ஞ்சிருந்தா உள் விளிம்பு. பின்பக்கத்திலிருந்து எடுத்த காட்சியில பளிச்னு தெரியும், பக்கவாட்டுக் காட்சியில ஏமாந்துடுவோம்.