பெட்டியில் 3000 லிட்டர், அருவி வாயில் 900

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது அவர் ஆசையாகக் கேட்டது ஒரு மீன் குளமும் தண்ணீர் விழும் சத்தமும்தான். 2500 லிட்டர் பிடிக்கிற குளம் கட்டி, நீர்மட்டத்துக்கு 1.2 மீட்டர் மேலே அருவிபோலத் தண்ணீர் விழ 30 செ.மீ. அகலப் பலகைக்கல் வைத்தோம்.

'மணிக்கு 3000 லிட்டர், 2 மீட்டர் உயரம்' என்று பெட்டியில் போட்டிருந்த பம்பை வாங்கினேன். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் விழவே இல்லை. கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு பின்சுவரில் வழிந்தது. இரண்டு நாளில் குளம் நாலு விரல் இறங்கிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவருடைய பழைய பால் வாளி 10 லிட்டர் பிடிக்கும். அதைக் குழாய் வாயில் பிடித்து நொடி பார்த்தேன். நிரம்ப 40 நொடி, அதாவது மணிக்கு 900 லிட்டர்.

பம்பில் பழுதில்லை. அந்த 3000, தண்ணீரை மேலே ஏற்றாமல் ஓடவிட்டால் வரும் அளவு. 2 மீட்டர் என்பது அதற்குமேல் ஒரு சொட்டும் ஏறாத உயரம். எந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்பதற்குப் பெட்டியின் பக்கத்தில் ஒரு வளைகோடு போட்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. போதாததற்கு அரை அங்குலக் குழாய், அதில் மூன்று முழங்கை வளைவு வேறு.

கல்லின் அகலத்தில் ஒரு செ.மீ.க்கு மணிக்கு ஏறக்குறைய 150 லிட்டர் வந்தால்தான் தண்ணீர் திரைபோல விழும். எனக்கு 4500 வேண்டும். இரண்டாம் தடவை 8000 லிட்டர், 4 மீட்டர் பம்பும் ஒன்றரை அங்குல வளையும் குழாயும் வாங்கினேன். அதே வாளி 8 நொடியில் நிரம்பியது. 90 வாட், நாள் முழுக்க ஓடினால் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரவில் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

———

தம்பி, பீடோரிலிருந்து எழுதுகிறேன். இரவில் நிறுத்தவே நிறுத்தாதீங்க. நம்ம ஊர் வெப்பத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும், விடியும் முன்னால் இன்னும் குறையும். இரவில் நிறுத்திப் பழகி நான் ஆறு கோய் மீனை இழந்தேன், காலையில் எல்லாம் மிதந்தன. இன்னொன்று, பம்பைக் குளத்தின் தரையில் வைக்காதீங்க. ஒரு மழைக்கு வந்த செம்மண்ணும் இலையும் என் பம்பின் சுழலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு செங்கல் மேல், துளைக் கூடைக்குள் வைத்திருக்கிறேன். மின்கசிவில் தானே விழும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர், இல்லாமல் குளத்தில் கை வைக்காதீங்க.

———

நன்றி அக்கா. தரையில்தான் வைத்திருந்தேன், இப்போதே எடுக்கிறேன். சுவிட்சுக்கு வயர்மேனிடம் சொல்லியாயிற்று, சனிக்கிழமை வருகிறார். அதுவரை அப்பாவைக் குளத்துக்குள் கை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.