குடும்பக் குழு: சுஜி வீட்டு கர்ட்டன்

சுஜி: (3 படங்கள்)
ஹாலுக்கு இந்த மெரூன் வெல்வெட் எப்பிடி இருக்கு? திருவனந்தபுரம் சாலை பஜார்ல பாத்தது. இன்னைக்கு சொன்னாத்தான் பால்காய்ச்சுக்கு முன்ன தச்சு தருவானாம்

விஜி மயினி: சூப்பர்

அஜின்: கல்யாண மண்டபம் போல இருக்கு

சுஜி: உன்ன கேக்கல

பெரியம்மா: பால்காய்ச்சு என்னைக்கு

ராஜன் அண்ணன்: வியாழன் அம்மா. நேத்தும் சொன்னேன்

பெரியம்மா: ஃபாதர்கிட்ட கேட்டாச்சா

தக்கலை சித்தப்பா: சுஜி மோளே, வெல்வெட் வாங்காண்டாம். காரணம் சொல்லுறேன், பொறுமையா வாசி. உனக்க ஹால் மேற்க பாத்தது. மேல 2 அடி சன்ஷேடு உண்டு, சரி. அது உச்சி வெயிலுக்கு. 4 மணிக்கு வெயில் சரிஞ்சு அதுக்க அடியில பூந்து வரும். கண்ணாடி தாண்டி உள்ள வந்த வெயில் துணியில பட்டா துணி சூடாவும், அந்த சூடு ஹாலுக்குள்ளதான் கிடக்கும், எங்க போவும்? மெரூன் இன்னும் கூடுதலா இழுக்கும். வெயில கண்ணாடிக்கு வெளியவே தடுக்கணும். வெளிய மூங்கில் தட்டி, உள்ள லேசான பருத்தி, அது மதி. பிறகு வடக்கு ஜன்னலுக்கு ஒண்ணும் வேண்டாம்னு நினைக்காத. சித்திரை தொடங்கி ஆவணி பாதி வரை உச்சி சூரியன் நம்ம ஊருக்கு வடக்கதான் நிக்கும். தொடரும்

அஜின்: அப்பா தொடருமா

ராஜன் அண்ணன்: மூங்கில் மழையில ஊறாதா சித்தப்பா

தக்கலை சித்தப்பா: மழைக்கு சுருட்டிக் கட்டணும். அதுக்குத்தான் கயிறு.
இனி ஈரம். ஜூன்ல எடவப்பாதி வந்தா மழை விட்டாலும் காத்துல ஈரம் விடாது. நமக்கு ஐப்பசி கார்த்திகையிலயும் மழ உண்டு. வெல்வெட் ஈரத்த குடிச்சிட்டு லேசில உணங்காது, சுவரோட ஒட்டுன பக்கம் கரும்புள்ளி விழும். பிளாக்அவுட் துணியும் எங்க மாடியில போட்டு பாத்தாச்சு. பின்னால பூசியிருக்கது மடிப்புல ஒட்டிப் பிடிச்சு தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. எந்தத் துணி போட்டாலும் கம்பிய சுவர்லேர்ந்து 4 விரக்கடை தள்ளி வைக்கச் சொல்லு, பின்னால காத்து ஓடணும்

லதா மாமி: வெட்டிவேர் தட்டி போடு மோளே. மத்தியானம் தண்ணி தெளிச்சா ஏசி தோத்துப்போவும். பாளையங்கோட்டையில நாங்க அதான்

தக்கலை சித்தப்பா: அக்கா, உங்க ஊர்ல மே மாசம் வறண்ட காத்து. வெள்ளம் ஆவியாவும்போதுதான் குளிரும். இங்க காத்து நிறைய ஏற்கெனவே ஈரம், ஆவியாக இடம் வேண்டாமா? தட்டி நனைஞ்சபடி நின்னு நாறும்

லதா மாமி: சரி. கிழக்க கட்டிக்குடுத்து விட்டவளுக்கு என்ன தெரியும்

பெரியம்மா: லதா அப்பிடி சொல்லாத

அஜின்: தொடங்கியாச்சு

தக்கலை சித்தப்பா: நம்ம குடும்ப வீட்டுல கர்ட்டனே கிடையாது. அயினி மர ஜன்னல், சட்டம் எல்லாம் சரிச்சு வச்சது. வெளிச்சம் வராது, காத்து வரும். பத்மநாபபுரம் அரண்மனையில போய்ப் பாரு, அதே வேலை. 1795 வரை அங்கதான் திருவிதாங்கூர் தலைநகரம்

அஜின்: ஸ்கூல் டூர் 5 தடவ போயாச்சு

தக்கலை சித்தப்பா: அந்த ஜன்னல் இருந்தா இன்னைக்கு சுஜிக்கு செலவே இல்ல

ராஜன் அண்ணன்: அது கரையான் அரிச்சது சித்தப்பா

தக்கலை சித்தப்பா: 8 ஜன்னலுமா?

பெரியம்மா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

லதா மாமி: நான் வாசிச்சிட்டேன்

விஜி மயினி: பலாச்சக்கை யாருக்காவது வேணுமா? மரத்துல 11 கிடக்கு. கூழன் இல்ல, வரிக்கை

அஜின்: எனக்கு 2

லதா மாமி: பால்காய்ச்சுக்கு வரும்போ எடுத்துக்கிடுறேன். சுளை எடுத்து வைக்காண்டாம், முழுசா

சுஜி: கர்ட்டன்!!

தக்கலை சித்தப்பா: சாலைக்குப் போற வழியில பாலராமபுரத்துல இறங்கு. கைத்தறி பருத்தி, வெள்ளையோ சந்தன நிறமோ. 4 அடி ஜன்னலுக்கு 8 அடி அகலம் துணி வேணும், இல்லேன்னா சுருக்கு விழாம படுதா போல தொங்கும். தைக்கதுக்கு முன்ன ஒரு ராத்திரி வெள்ளத்துல முக்கி உணக்கு. மறந்தா முதல் அலக்குலயே 2 விரக்கடை குறைஞ்சுபோவும்

விஜி மயினி: வெள்ளைன்னா பிள்ளைய கை துடைக்கும்

தக்கலை சித்தப்பா: அப்ப சந்தன நிறம்

ராஜன் அண்ணன்: சுஜி, அட்வான்ஸ் ஒண்ணும் குடுக்கலியே

சுஜி: 2000

ராஜன் அண்ணன்: திரும்பத் தருவானா

சுஜி: வேற துணி எடுத்துக்கிடலாம்னான். காசு தரமாட்டானாம்

தக்கலை சித்தப்பா: எனக்க கிட்ட முதல்ல கேட்டிருக்கலாம்

சுஜி: கேட்டா தொடரும் போடுவீங்க
சரி, ஹாலுக்கு மட்டும் வெல்வெட். பெட்ரூம் ரெண்டுக்கும் பருத்தி. தட்டி பிறகு பாக்கலாம்

தக்கலை சித்தப்பா: ஹாலுக்குத்தானே மோளே வெயிலு

பெரியம்மா: ஃபாதருக்கு வியாழன் ஒழிவில்லையாம். வெள்ளி வாராராம்

விஜி மயினி: வெள்ளின்னா இறைச்சி வைக்க முடியாதே. 60 பேருக்கு சொல்லியாச்சு

அஜின்: மரச்சீனியும் மீனும்

லதா மாமி: வெள்ளி எனக்கு வர ஒக்காது. சக்கைய பஸ்ல குடுத்துவிடுங்க

தக்கலை சித்தப்பா: கொசுவலைய பத்தி இன்னும் சொல்லல