தொடாத ஃபைலில் சிவப்புக் கோடு: விஎஸ் கோட், டைப்ஸ்கிரிப்ட் – உதவுங்க

செவ்வாப்பேட்டை:
வணக்கம்ங்க. சேலத்துல மாமாவோட கொலுசுப் பட்டறைக்குக் கூலிக் கணக்குப் போட ஒரு சின்ன ஆப் எழுதிட்டிருக்கேன். ஆறு மாசமா ஜெஸ்ட்ங்கிற டூல்லதான் டெஸ்ட், ஒரு வம்பும் இல்ல. போன வாரம் பில் ஸ்க்ரீனைச் சோதிக்க சைப்ரஸ்னு இன்னொரு டெஸ்ட் டூல் போட்டேன். மறுநாள் விஎஸ் கோட் எடிட்டரைத் திறந்தா, நான் கையே வைக்காத கூலி டெஸ்ட் ஃபைல் பூரா சிவப்பு.

182 கிராம் கொலுசுக்கு இவ்வளவு கூலின்னு சரிபார்க்கிற வரியில, "டுஈக்வல் அசெர்ஷன் டைப்பில் இல்லை, ஈக்வல் என்று சொல்ல வந்தீர்களா"ன்னு என்னையே திருப்பிக் கேக்குது. டெர்மினல்ல ஜெஸ்ட் ஓட்டினா எல்லாமே பாஸ். புதுசா எழுதின சைப்ரஸ் ஃபைல்ல ஒரு கோடும் இல்ல. எடிட்டரை அழிச்சு மறுபடி போட்டும் பாத்தாச்சு.

சூரமங்கலம்:
எடிட்டருக்குள்ள டைப்ஸ்கிரிப்டைச் சரிபார்க்கிற டிஎஸ் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பாதி நோய் அதுலயே போயிரும்.

செவ்வாப்பேட்டை:
பண்ணேங்க. ரெண்டு செகண்ட் சுத்தமா இருந்துச்சு, திரும்ப வந்துருச்சு.

ஏற்காட்டுக் காப்பி:
எடிட்டர் மேல தப்பில்லைங்க. டெஸ்ட்ல விடையைச் சரிபார்க்க எழுதுற 'எக்ஸ்பெக்ட்'ங்கிற பேரை ஜெஸ்டும் குளோபலா அறிவிக்குது, சைப்ரஸும் தனக்குள்ள இருக்கிற சாய் லைப்ரரிக்காக அறிவிக்குது. உங்க ப்ராஜெக்ட்ல ரெண்டும் ஒரே டிஎஸ்கான்ஃபிக்குக்குக் கீழ, அதாவது ஒரே டைப்ஸ்கிரிப்ட் செட்டிங்ஸ் ஃபைலுக்குக் கீழ வருது. சாய் ஜெயிச்சிருச்சு, அதுல ஜெஸ்டோட டுஈக்வல் கிடையாது. ஜெஸ்ட் பாஸ் ஆகுதுன்னா, அங்க பேபல்ங்கிற டூல் டைப்பை உரிச்சுப் போட்டுட்டு ஓட்டுது, சரிபார்க்கிறதில்ல.

நிஜச் சண்டை டைப் அறிவிப்பு ஃபைல்கள்ல. ஆனா நீங்க ஸ்கிப்லிப்செக்கை ட்ரூன்னு வெச்சிருப்பீங்க, எல்லாரும் வெக்கிறதுதான். அது அங்க வாயை மூடிருது. அதனால பாவப்பட்ட உங்க கூலி ஃபைல்ல வந்து வெடிக்குது.

சைப்ரஸ் ஃபோல்டருக்குள்ள தனியா ஒரு டிஎஸ்கான்ஃபிக் வெச்சு, டைப்ஸ்ல சைப்ரஸை மட்டும் எழுதுங்க. வெளிய இருக்கிறதுல அந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணுங்க.

சூரமங்கலம்:
இல்லன்னா எரரைக் காட்டாம விடச் சொல்ற டிஎஸ்-இக்னோரை வரிக்கு வரி போட்டு வேலையைப் பாருங்க.

ஏற்காட்டுக் காப்பி:
கூலிக் கணக்குல அதை மட்டும் பண்ணிராதீங்க. நாளைக்கு நிஜத் தப்பும் சேர்ந்து மறைஞ்சிரும்.

செவ்வாப்பேட்டை:
நீங்க சொன்னபடியே செஞ்சேன்ணா. சிவப்பு அப்படியேதான் இருக்கு. போதாக்குறைக்கு சைப்ரஸ் டெஸ்ட்ல, அதோட கட்டளைக்கெல்லாம் முன்னால வர்ற 'சிஒய்'ன்னா என்னன்னே தெரியலைங்குது.

ஏற்காட்டுக் காப்பி:
மன்னிக்கணும், மூட்டம் இறங்கினா இங்க நெட் படுத்துரும், இப்பத்தான் வந்துச்சு.

ரெண்டாவது, அந்த சிஒய் விஷயம், நான் சொல்லாம விட்டது. உள்ள இருக்கிற கான்ஃபிக் வெளிய இருக்கிறதை எக்ஸ்டெண்ட் பண்ணுதா? அப்ப எக்ஸ்க்ளூடும் கூடவே வந்து, அந்த ஃபோல்டர் தன்னைத்தானே தள்ளிவெச்சுக்கும். உள்ள எக்ஸ்க்ளூடைக் காலிப் பட்டியலா மறுபடி எழுதுங்க.

முதலாவது, அந்தச் சிவப்புக்கு, டெர்மினல்ல டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சியை நோஎமிட், எக்ஸ்ப்ளெயின்ஃபைல்ஸ் ரெண்டும் கொடுத்து ஓட்டுங்க. ஒவ்வொரு ஃபைலும் ஏன் உள்ள வந்துச்சுன்னு கீழயே காரணம் எழுதும். நீளமா வரும், ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு 'சைப்ரஸ்'னு தேடுங்க. எக்ஸ்க்ளூட் வாசல்லதான் தடுக்கும். உள்ள இருக்கிற எந்த ஃபைலாவது இம்போர்ட் பண்ணா, சில்வர் ஓக்கைப் பிடிச்சு மிளகுக்கொடி ஏறுற மாதிரி ஏறி வந்துரும்.

செவ்வாப்பேட்டை:
கிடைச்சிருச்சுண்ணா! வெளிய ரூட்லயே சைப்ரஸ் கான்ஃபிக் ஃபைல் ஒண்ணு உக்காந்திருக்கு. அதோட முதல் வரியே சைப்ரஸ்ல இருந்து டிஃபைன்கான்ஃபிக்கை இம்போர்ட் பண்ணுது. நான் ஃபோல்டரைத்தான் பூட்டினேன், இது திண்ணையில இருந்திருக்கு. அதையும் எக்ஸ்க்ளூட்ல சேத்துட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணேன். கூலி ஃபைல் பளிச்சுன்னு ஆயிருச்சு, சிஒய்யும் சரியாயிருச்சு.

பில் ஃபைல்ல மட்டும் ஒரு கோடு பாக்கி. எடையை நம்பரா அனுப்ப வேண்டிய இடத்துல ஸ்ட்ரிங்கா அனுப்பியிருக்கேன். முந்தாநாள் ராத்திரி அடிச்ச வரி, சிவப்போட சிவப்பா கண்ணுலயே படல. அதைத் திருத்தப் போறேன்.