வாத்தியாருக்கு ஒரு கல்: எப்படி நடுவது, எதைத் தவிர்ப்பது?

கஞ்சமலையான்:

எல்லாருக்கும் வணக்கம். நடுகற்களில் இருக்கும் உடை, ஆயுதம், கட்டு முறை இவற்றைப் பார்த்து அப்படியே செய்து, அணிந்து, பயின்று காட்டுகிற சேலம் குழுவை இங்கே பலருக்குத் தெரியும். அதை உருவாக்கிய வாத்தியார் உடல்நலக் குறைவால் நம்மை விட்டுப் போனதும் தெரியும். வருகிற தை மாதம் தலைத்திவசம். அவர் பயிற்சி கொடுத்த திடல் சேர்வராயன் மலையடிவாரத்தில் பட்டா நிலத்தில் இருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டார். அங்கே அவருக்கு ஒரு கல் நட வேண்டும் என்பது குழுவின் விருப்பம். வாத்தியார் வீட்டு அம்மாவும் சரி என்கிறார்.

கேட்க வேண்டியவை: என்ன கல், என்ன அளவு, எவ்வளவு ஆழம் புதைப்பது? உருவமும் எழுத்தும் எப்படி இருக்க வேண்டும்? அவருடைய எருமைத்தோல் கேடயம், மூங்கில் வில், பழைய வாள், இடைக்கச்சை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை எப்படிக் காப்பது?

உளிச்சத்தம்:

முதலில் கல்லைச் சொல்லிவிடுகிறேங்க. சேர்வராயன் மலைப் பக்கத்துக் கருநீலக் கருங்கல்லே போதும், இருப்பதிலேயே அதுதான் நல்லது. சார்னோகைட் என்பார்கள். கெட்டியான கல், உளி மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் ஒரு தடவை கொத்திவிட்டால் எழுத்து மழுங்காது. வெள்ளையாக அழகாக இருக்கிறதென்று சுண்ணாம்புக் கரடு பக்கத்து வெள்ளைக்கல்லை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேக்னசைட் என்னும் அந்தக் கல் உளிக்கு இணங்கும், மழைக்கும் இணங்கிவிடும். மெருகேற்றிய கிரானைட் பலகையும் வேண்டாம். அதில் புடைப்புச் சிற்பம் எடுபடாது, பார்க்கிறவருக்குக் கட்டடத் திறப்பு விழாக் கல் மாதிரிதான் தெரியும்.

அளவு: 5 அடி உயரம், 2½ அடி அகலம், 6 அங்குலக் கனம். இது 6¼ கன அடி. கருங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 76 கிலோ, ஆக மொத்தம் 475 கிலோ வரும். இதைவிடப் பெரிதாகப் போனால் தூக்குவதற்கே தனி ஏற்பாடு வேண்டும். கனத்தை 4 அங்குலமாகக் குறைத்தால் உருவத்தைச் சுற்றிக் குழிக்கும்போது பின்பக்கம் பலமில்லாமல் போகும்.

கல்லை வாங்கும் முன் இரண்டு சோதனை. சுத்தியால் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் நல்ல கல். எங்காவது ஒரு இடத்தில் சத்தம் அமுங்கினால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. அடுத்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வெயிலில் விடுங்கள். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதுதான் கீறல். அந்தக் கல் உருவம் முடியும் தறுவாயில்தான் உடையும், அதுவரைக்கும் போட்ட உழைப்பு வீண்.

ஐந்தடியில் 1½ அடி மண்ணுக்குள் போக வேண்டும். வெளியே நிற்பது 3½ அடி, அதாவது 42 அங்குலம். மேலே 12 அங்குலம் எழுத்துக்கு, நடுவில் 24 உருவத்துக்கு, அடியில் 6 அங்குலம் ஒன்றும் கொத்தாமல் விடுங்கள். மழைத்துளி தெறித்துச் சேறு அப்புகிற இடம் அது. உருவத்தைச் சுற்றி ஒரு அங்குலம் முதல் ஒன்றரை வரை குழித்தால் போதும். எழுத்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஆழம், குறுக்குவெட்டில் ஆப்பு வடிவம். மெஷினில் கொத்தி உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். இரண்டு மழைக்காலம் போனால் பெயின்ட் உரிந்து எழுத்து கந்தலாகத் தெரியும்.

குழி 2 அடி ஆழம், 3½ அடிக்கு 2 அடி வாய். அடியில் 6 அங்குலம் ஜல்லியும் மணலும் போட்டு நன்றாக இடியுங்கள். கல்லை நிறுத்தி, இரண்டு முகத்திலும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, கைப்பிடி அளவுக் கல்லும் சரளையும் கலந்து 6 அங்குலத்துக்கு ஒரு தரம் கிட்டித்துக்கொண்டே வாருங்கள். கான்கிரீட் ஊற்றாதீர்கள். பின்னால் கல் கொஞ்சம் சாய்ந்தால் சரளையைத் தோண்டி நிமிர்த்திவிடலாம். கான்கிரீட்டில் நின்ற கல்லை நிமிர்த்துவதற்குள் உடைந்துபோகும்.

திடல் செம்மண்ணா கரிசலா? கரிசல் என்றால் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், கல்லைத் தள்ளும். குழியை எல்லாப் பக்கமும் இன்னும் ஒரு அடி பெரிதாக்கிக் கரிசலை முழுக்க அள்ளி எடுத்துவிட்டுச் சரளையால் நிரப்ப வேண்டும்.

எழுத்துக்கல்:

வாத்தியாரை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வரையும் ஒரு கோடானாலும் காரணமில்லாமல் அவர் ஏற்கமாட்டார். கல்லில் வீரனுக்குக் கொண்டை இருந்தால் கொண்டை. சட்டை இல்லையென்றால் சட்டை இல்லை. கச்சை முழங்காலுக்கு மேல் இறுகியிருந்தால் தார்பாய்ச்சிக் கட்டு. திரைப்படத்தில் வரும் மார்புக் கவசத்தையும் கொம்பு வைத்த தொப்பியையும் அவர் குழுவில் ஒருவர்கூட அணிந்ததில்லை. அவருக்கு நடும் கல்லும் அப்படி உண்மையாக இருக்க வேண்டும் என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

நடுகல்லில் உள்ள ஒவ்வொரு குறியும் இறந்தவர் எப்படி இறந்தார் என்பதைச் சொல்கிறது. உடலில் அம்பு தைத்திருந்தால் அம்பால் இறந்தவர். தன் கழுத்தில் தானே வாள் வைத்திருந்தால் அரிகண்டம், நவகண்டம் என்னும் தற்பலி. வளையல் அணிந்த கை உயர்ந்திருந்தால் சதிக்கல். இணையத்தில் கிடைக்கும் அழகான படங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. சிற்பியிடம் படத்தைக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். நோயால் மறைந்த ஆசானின் உடலில் அம்பு தைக்கக்கூடாது.

அவருக்குப் பொருந்துவது இது: இடக்கையில் நாணேற்றாத வில், அருகில் கேடயம், இடையில் குறுவாள், வலக்கை வெறுமையாகத் தொடைமேல். காலடியில் சிறிய கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் வைக்கலாம். செங்கம், தருமபுரிப் பகுதிக் கற்களில் அவை வழக்கமாக வருபவை. வீரனை வானுலகப் பெண்கள் அழைத்துச் செல்லும் மேலடுக்கு போரில் விழுந்தவருக்கானது, அதை விட்டுவிடலாம். மாதிரிக்குத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நேரில் பாருங்கள். வயலில் நிற்கும் பழைய கல்லைப் படமெடுப்பதானால் பக்கவாட்டு வெயில் விழும் நேரத்தில் எடுங்கள். மாவோ சுண்ணாம்போ எண்ணெயோ பூசி எழுத்தைத் தெளிவாக்க முயலாதீர்கள்.

இனி வாசகம். பல்லவர் காலக் கற்களில் வரிசை நிலையானது: அரசன் பெயர், அவனது ஆட்சியாண்டு, நாடு அல்லது ஊர், யாருடைய சேவகன், என்ன நடந்தது, கடைசியில் ‘பட்டான் கல்’. இதில் ‘பட்டான்’ என்பது போரிலோ பூசலிலோ விழுந்தவருக்கு. நம் வாத்தியாருக்கு அதைப் போடாமல் ‘கல்’ என்று மட்டும் முடித்தால் மரபும் கெடாது, பொய்யும் இல்லை. என்ன நடந்தது என்ற இடத்தில் அவர் செய்த வேலையை எழுதுங்கள். மரபு அதற்கு நிறைய இடம் கொடுக்கிறது. எடுத்தனூர் என்ற ஊரின் நடுகல்லில் எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற நாய்க்கும் உருவமும் கோவிவன் என்ற பெயரும் பொறித்திருக்கிறார்கள்.

எழுத்து வட்டெழுத்தா (தமிழின் பழைய எழுத்து வடிவம்) இன்றைய தமிழா என்பது அடுத்த சிக்கல். பழைய நடுகற்கள் பல வட்டெழுத்தில்தான் உள்ளன. ஆனால் அதில் பகரமும் வகரமும் ஒன்றுபோல இருக்கும், பயிற்சியில்லாத கை கொத்தினால் பெயரே மாறிப்போகும். பெயரை மட்டும் ஒரு வரி வட்டெழுத்தில் வைத்து, மற்றதை இன்றைய எழுத்தில் புள்ளியோடு கொத்துங்கள். பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடுவதில்லை, ஆனாலும் திடலுக்கு வரும் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் அல்லவா?

முகத்தின் 30 அங்குலத்தில் இருபுறமும் 3 அங்குலம் விட்டால் மிச்சம் 24. எழுத்து ஒன்றுக்கு 2 அங்குலம் என்றால் வரிக்கு 12 எழுத்து. 12 அங்குல உயரத்தில் 5 வரி அமையும். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள் (கொ, போ போன்றவை) இரண்டு மூன்று எழுத்து இடம் பிடிக்கும், எண்ணும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டைப் பழைய முறையில் போட ஆசையிருந்தால் பூச்சியம் இல்லாமல் எழுத வேண்டும். 2026 என்பது ௨௲௨௰௬. கல்வெட்டுகளில் வரும் பழைய கணக்கான சக ஆண்டு வேண்டுமென்றால் தை மாதத்துக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 79 கழிக்க வேண்டும். எல்லா மாதத்துக்கும் 78 கழித்துவிட்டு ஒரு வருடம் தவறிப்போவது அடிக்கடி நடக்கிறது.

கஞ்சமலையான்:

மிக்க நன்றி ஐயா, உளிச்சத்தம் அண்ணனுக்கும். மண் செம்மண்தான். வில்லை நாணேற்றாமல் காட்டச் சொன்னது எல்லாருக்கும் பிடித்துவிட்டது, பயிற்சி முடிந்தால் நாணைக் கழற்றாமல் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தோம். கேடயத்தின் மேல் வெள்ளையாகப் பூசணம். வாள் தோல் உறையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. வில்லின் ஒரு முனையில் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது.

தோல்பட்டறை அக்கா:

தம்பி, எதையும் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள். எல்லா வீட்டிலும் முதலில் செய்வது அதுதான். எண்ணெய் சிக்குப் பிடிக்கும், தூசி ஒட்டும், கரப்பான் வரும், பூசணத்துக்கும் நல்ல தீனி.

கேடயத்தை வெளியே, காற்று எதிர்ப்பக்கம் போகிற நிழலில் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் பூசணத்தைத் துடையுங்கள். வெயிலில் காயவைத்தால் எருமைத்தோல் சுருங்கி மரச்சட்டத்திலிருந்து பிய்த்துக்கொள்ளும். நான்கைந்து நாள் நிழல் காற்று போதும். பிறகும் பூசணம் திரும்பினால் வைத்திருக்கும் இடம் ஈரம் என்று அர்த்தம். தோலின்மேல் குறை இல்லை.

வாள் உறையில் ஒட்டியிருப்பது துருவால். உறையின் வாய்ப்பக்கம் இரண்டு மூன்று சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, வாளைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு நாள் விடுங்கள். பிறகு முறுக்காமல் நேராக இழுங்கள். வராவிட்டால் திரும்ப எண்ணெய். வெளியே வந்ததும் மிக நயமான இரும்புக் கம்பளியில் (நாலு பூச்சியம் எண்) எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். புளி, எலுமிச்சை வேண்டாம். பாத்திரம் பளிச்சென்று ஆகலாம், வாளில் அமிலம் குழி போடும், பழைய அலகின் வரிகள் போய்விடும். துடைத்துக் காய்ந்தபின் தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, வேறு இடத்துக்கு எடுத்துப்போன பிறகுதான் டர்பன்டைனைக் கலக்க வேண்டும். மெல்லிய பூச்சு ஒன்று, அரை மணி கழித்து மெத்தென்ற துணியால் தேய்ப்பு. இனி அந்த வாளை உறைக்குள் போடவே போடாதீர்கள். தோலில் இருக்கும் ஈரமும் பதனிட்ட சத்தும் சேர்ந்துதான் இரும்பைத் தின்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வில்லில் கொட்டும் தூள் மூங்கில் வண்டு. அதை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள், மரச்சட்டத்துக்கும் பரவும். தட்டித் தூளைக் கொட்டிவிட்டு, போரிக் அமிலமும் போராக்சும் கலந்த 5 விழுக்காட்டுக் கரைசலைச் சிறு தூரிகையால் ஓட்டைகளில் விட்டு நிழலில் காயவைத்து, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். காகிதத்தில் புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. காட்சிக்கு வைக்கும்போது கிடைமட்டமாக இரண்டு முளைகளில் தாங்க வேண்டும்.

தகரப் பெட்டியே வேண்டாம், வெயில் காலத்தில் சூடேறி மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். காற்றுப் போகும் மர அலமாரி, பருத்தித் துணி விரிப்பு, 100 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு. நிறம் மாறினால் அடுப்பில் 120 டிகிரியில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். பெயர்ச் சீட்டை நூலில் கட்டுங்கள், பசை நாடா ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. கேடயத்தைப் பழுப்புத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். விட்டம், தோலின் கனம், கைப்பிடி வாரின் நீளம், ஆணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாம் அதில் எழுதுங்கள். அவர் கையால் செய்ததை இனி யாரும் பயிற்சியில் தூக்கக்கூடாது, அந்த அளவில் புதிது செய்து தூக்கட்டும். கச்சை கட்டும் முறையை அவரிடம் நேராகக் கற்றவர்கள் கட்டிக் காட்ட, ஒவ்வொரு மடிப்பையும் இப்போதே படமெடுத்துவிடுங்கள்.

மலைப்பாதை:

மேலே சொல்லாமல் விட்டவை மட்டும். கல்லை வண்டியில் படுக்கவைக்காதீர்கள், இரண்டு கட்டைமேல் படுத்த பலகைக்கல் குலுங்கினால் நடுவில் விரியும். விளிம்பில் நிறுத்தி, பழைய டயரும் வைக்கோலும் அணைத்துக் கட்டுங்கள். இறக்கி நிறுத்த ஒரு டன் செயின் பிளாக்கும் இரும்பு முக்காலியும் வாடகைக்கு எடுங்கள். எட்டுப் பேர் தோள் கொடுத்தாலும் ஆளுக்கு 60 கிலோ வருகிறது, கால் இடறினால் ஆபத்து.

முகத்தைத் தெற்குப் பார்த்து நிறுத்தினால் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும், எழுத்து தானே எழும்பித் தெரியும். வீட்டார் கிழக்குத்தான் வேண்டுமென்றால் அவர்கள் சொல்வதுதான் முடிவு.

தொல்காப்பியம் சொல்லும் ஆறு படிகளை அப்படியே பின்பற்றலாம்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்து நாள் குறிப்பது இப்போது. கையால் கொத்த ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஆகையால் கார்த்திகை பிறக்கும் முன் கல் தச்சரிடம் போய்ச் சேர வேண்டும். நீராட்டி நடுவதைத் திவசத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், சரளை அடங்கிக் கல் அசைகிறதா என்று பார்க்க அவகாசம் கிடைக்கும். படையலும் வாழ்த்தும் திவசத்தன்று. மயிற்பீலி சூட்டுவதானால் தானாக உதிர்ந்தது மட்டும். அன்று வாள் வீசிக் காட்டுவதானால் மழுங்கிய அலகு போதும். 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட கூர் ஆயுதங்கள் ஆயுத விதிகளில் தனி வகையில் வருகின்றன, காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மலையூர்க் கோயில்களில் சாமியோடு வைத்துக் கும்பிடும் வழவழப்பான கற்கோடரிகளில் ஒன்றைக் கொண்டுவந்து இவர் பக்கத்தில் வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அவை புதிய கற்காலத்தவை, ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் புரூஸ் ஃபூட் இந்த மலையில் கண்டு எழுதியவை. இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

எழுத்துக்கல்:

வாசக வரைவு கேட்டுத் தனியே எழுதியிருந்தீர்கள். எல்லாரும் பார்க்கட்டும் என்று இங்கேயே வைக்கிறேன். புள்ளியிட்ட இடத்தில் ஆண்டும் பெயரும்:

…… தைத் திங்கள்
சேர்வராயன் மலை அடி
வில்லும் கேடயமும்
பயிற்றிய ஆசான்
…… கல்

பெயர் வரும் கடைசி வரி வட்டெழுத்தில். மற்ற எந்த வரியும் 12 எழுத்தைத் தாண்டவில்லை. தாளில் உண்மை அளவில் எழுதி, கல்லின்மேல் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று வீட்டு அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடையில்லாமல் வாசித்தபின் உளி வைக்கலாம்.